குவார்ட்டர்லி ரிவ்யூ: கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: இந்த இதழ் எப்போது, எதற்காகத் தொடங்கப்பட்டது?

1809, லண்டன். சீர்திருத்தம் பேசிய விக் கட்சியின் குரலாக 1802 முதல் கொடிகட்டிப் பறந்த எடின்பரோ ரிவ்யூவுக்கு எதிராக, பழமைவாத டோரி கட்சியினருக்காகப் பதிப்பாளர் ஜான் மர்ரே தொடங்கினார். 1967 வரை வந்தது.

கேள்வி: கவிஞர் கீட்ஸைக் கொன்றது இதுதானே?

இல்லை, காசநோய். 1818இல் அவர் கவிதைக்கு இதில் வந்த மதிப்புரை ஈவிரக்கமற்றது என்பது வேறு விஷயம். அதை எழுதியவர் ஜான் வில்சன் குரோக்கர். ‘குவார்ட்டர்லி சொன்னது’ என்று எழுதாதீர்கள். கட்டுரைகளில் பெயர் இராது, ஆனால் எழுதியவர் ஒருவர் இருந்தார்.

கேள்வி: டார்வினை எதிர்த்ததாமே?

இங்கேதான் சுவாரசியம். 1853 முதல் ஆசிரியராக இருந்த விட்வெல் எல்வின், நார்ஃபோக்கில் ஒரு கிராமத்துப் பாதிரியார். ‘உயிரினங்களின் தோற்றம்’ அச்சேறுமுன் கையெழுத்துப் படியை மர்ரே அவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். புறாக்களைப் பற்றி மட்டும் எழுதச் சொல்லுங்கள், புறா என்றால் எல்லோருக்கும் பிடிக்கும் என்றார் எல்வின்! மர்ரே கேட்கவில்லை, 1859 நவம்பரில் நூலை வெளியிட்டார். 1860 ஜூலையில் அதே மர்ரேயின் இதழில் அதே நூலுக்குக் கடும் கண்டனம். எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் சாமுவேல் வில்பர்ஃபோர்ஸ். ஊகம் மிகுந்த பகுதிகளாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார், கெட்டிக்காரத்தனமான கட்டுரை என்று தாவரவியலாளர் நண்பர் ஹூக்கருக்கு எழுதினார் டார்வின்.

கேள்வி: பெயர் போடாத கட்டுரைக்கு ஆசிரியர்தானே பொறுப்பு? ஆசிரியர்களைத் தப்பவிடுகிறீர்கள்.

யாரையும் தப்பவிடவில்லை, இரண்டு பெயரும் வேண்டும் என்கிறேன். முதல் ஆசிரியர் வில்லியம் கிஃபர்ட், செருப்புத் தைப்பவரிடம் வேலை பழகிய பின் படித்து மேலே வந்தவர். பிறர் எழுத்தில் கத்தி வைக்கத் தயங்காதவர். 1814இல் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் நூலுக்குக் கட்டுரையாளர் சார்லஸ் லாம் எழுதிய மதிப்புரையை அவர் சிதைத்த விதத்தைப் பார்த்து, லாம் வேர்ட்ஸ்வொர்த்துக்கே கடிதம் எழுதிப் புலம்பினார். அந்த மதிப்புரை யாருடையது, சொல்லுங்கள்?

கேள்வி: அப்படியென்றால் ‘குவார்ட்டர்லி சொன்னது’ என்பதே சரியாகிவிடுகிறதே?

ஆகாது. 1848இல் சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அய்ர்’ நாவலைச் சாடியவர் எலிசபெத் ரிக்பி என்ற பெண். அப்போது இதழின் ஆசிரியர், நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்டின் மருமகன் லாக்ஹார்ட். ‘இதழ் சொன்னது’ என்று முடித்தால் நாவலாசிரியையைத் தாக்கியவரும் ஒரு பெண்தான் என்பதே மறைந்துபோகும். 1824 முதல் 1900 வரையிலான கட்டுரைகளுக்கு, பெயர் போடாமல் எழுதியவர்களை அடையாளம் காட்டும் வெல்லஸ்லி அட்டவணையைப் பாருங்கள், பெரும்பாலும் பெயர் கிடைக்கும்.

கேள்வி: கீட்ஸ் மரணத்துக்குக் காரணம் குவார்ட்டர்லி என்று படித்தேன்...

மேலே பாருங்கள்.

கேள்வி: நாவலாசிரியை ஜார்ஜ் எலியட் இதன் ஆசிரியராக இருந்தாரா?

அது வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ. வேறு இதழ், வேறு அரசியல்.

கேள்வி: அரசியல்வாதிகள் எழுதினார்களா?

நிறைய. பின்னாளில் பிரதமரான சாலிஸ்பரி பிரபு 1860களில் இதில் தொடர்ந்து எழுதினார், பெயர் போடாமல்தான்.