ஜிப்பை முதலில் வாங்குங்கள், துணியைப் பிறகு வெட்டுங்கள்

தீபாவளி முடிந்தால் போதும், கோலாலம்பூரில் தையல் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு மூட்டை வெட்டுத்துணி சேர்ந்துவிடும். ரவிக்கைத் துண்டுகள், பஞ்சாபி சூட்டில் மிஞ்சிய கரை, மஸ்ஜிட் இந்தியாவில் ஆசைப்பட்டுக் கூடுதலாக வாங்கிய அரை மீட்டர் காட்டன். அதில் சின்ன ஜிப்புப் பை தைக்க உட்கார்ந்தவர்களிடமிருந்துதான் இந்த முறை கேள்விகள் அதிகம். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: துணியை வெட்டிவிட்டு அதற்கு ஜிப் தேடுகிறார்கள். கையில் உள்ள ஜிப்பை அளந்து அதற்குத் துணியை வெட்டினால் பாதித் தொல்லை வராது.

பை நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஜிப்பின் இரண்டு முனையிலும் மூலை மொத்தையாகி உள்ளே இழுக்கிறது. எவ்வளவு அயர்ன் செய்தாலும் சரியாகவில்லை. (செந்தூல்)

அயர்ன் பெட்டியால் ஆகிற காரியம் இல்லை. அந்த மூலையில் என்னென்ன சேர்கிறது பாருங்கள்: மேல்துணி, லைனிங், ஒட்டுக் கேன்வாஸ் (அயர்ன் சூட்டில் துணிக்கு அடியில் ஒட்டும் விறைப்புத் துணி), ஜிப்பின் நாடா, அதன்மேல் பல். எல்லாம் மடிந்து இரட்டையாக ஒரே தையலுக்குள் போனால், பையைத் திருப்பும்போது மூலை வெளியே வர இடமே இருக்காது. ஆகவே ஜிப்பைப் பக்கத் தையலுக்குள் போகவிடக் கூடாது.

துணி 8 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் மிச்சம் 7. ஜிப்பின் இரு முனைக்கும் மெல்லிய காட்டன் துண்டு ஒன்றை மடித்துத் தொப்பி போடுங்கள். ஒரு மடிப்பிலிருந்து மறு மடிப்புவரை தெரிகிற ஜிப் 6¾ அங்குலம் இருக்கட்டும். தொப்பித்துணி மட்டும் துணியின் ஓரம்வரை நீளட்டும். இப்போது பக்கத் தையல் அந்தத் துணிமேல் விழும், மடிப்பிலிருந்து ஒரு நூல் (⅛ அங்குலம்) தள்ளி. ஜிப்பை ஊசி தொடவே தொடாது. ஊசியும் உடையாது.

இன்னும் மூன்று விஷயம். கேன்வாஸைத் தையலுக்கு விட்ட ஓரத்தில் வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள். பக்கம் தைக்கும்போது ஜிப் இருக்கும் இடத்து மடிப்பை லைனிங் பக்கம் சாய்த்து ஊசி குத்துங்கள். அப்புறம், பக்கம் தைக்கும் முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். மறந்தால் பையைத் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கடையில் 12 அங்குல ஜிப்தான் கிடைக்கிறது. வெட்டலாமா? ஒருமுறை வெட்டியதில் இழுவை கழன்று கையோடு வந்துவிட்டது. (கெப்போங்)

நைலான் ஜிப் என்றால் தாராளமாக வெட்டலாம். வெட்டும் முன் இழுவையை நடுவில் கொண்டுவந்து நிறுத்துங்கள். புது முனை வர வேண்டிய இடத்தில், இரண்டு பக்கப் பல்லையும் சேர்த்து கையால் ஏழெட்டுத் தையல் இறுக்கிப் போடுங்கள். அதற்கு அரை அங்குலம் வெளியே வெட்டுங்கள். நாடாவின் ஓரத்தை லைட்டரில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், பிசிறு வராது.

கழன்ற இழுவையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் ஒரு பக்கம் இரண்டு வாய் இருக்கும். வலது நாடாவை ஒன்றிலும் இடது நாடாவை மற்றதிலும் ஒரே ஆழத்துக்கு நுழைத்து இழுத்தால் பல் சேர்ந்துகொண்டே வரும். ஒரு பக்கம் ஒரு பல் முந்தினாலும் ஜிப் கோணும். கோணினால் வெளியே எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். இந்தக் கை பழகிவிட்டால், மீட்டர் கணக்கில் விற்கும் ஜிப்பும் இழுவைகளும் தனித்தனியாக வாங்கி, வேண்டிய நீளத்துக்கு நீங்களே செய்துகொள்ளலாம். நிறைய தைப்பவர்களுக்கு அதுதான் கட்டுப்படியாகும்.

உலோக ஜிப் வேறு கதை. ஓரத்துப் பற்களைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். சின்னப் பைக்கு அந்தப் பாடு தேவையில்லை. 3ஆம் எண் நைலான் ஜிப் போதும். தோள்பை, கனமான டெனிம் என்றால் 5ஆம் எண்.

பட்டு ரவிக்கைத் துண்டுகள் நிறைய இருக்கின்றன. தைத்தால் ஜிப் ஓரம் அலை அலையாக நிற்கிறது, துணியும் நழுவுகிறது. (பிரிக்ஃபீல்ட்ஸ்)

ரவிக்கைத் துண்டு என்றால் என்ன? கைக்குழியிலும் கழுத்திலும் வெட்டிய மிச்சம். அதன் ஓரமெல்லாம் கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டியது. கிராஸில் வெட்டிய துணி இழுத்த இழுப்புக்கு நீளும், ஜிப் நாடா நீளாது. நீண்ட துணியை நீளாத நாடாவில் தைத்தால் அலை வராமல் என்ன செய்யும்?

முதலில் துண்டுக்கு அடியில் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் ஒட்டுங்கள். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகளில் 'காயின் காம்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். ஒட்டிய பிறகுதான் அளவு வெட்ட வேண்டும். வெட்டும்போது, ஜிப் வரும் ஓரம் நேர் நூலில், அதாவது இழை ஓடும் திசையில், இருக்கட்டும். ஒட்டுகையில் சூடு குறைவாக வைத்து, மேலே ஒரு காட்டன் துணி போட்டு அழுத்தி எடுங்கள், தேய்க்காதீர்கள். இப்போது வரும் ஜரிகை பலவற்றில் பிளாஸ்டிக் உண்டு. சூடு பட்டால் சுருண்டுவிடும்.

ஊசி 11ஆம் எண், புதிதாக. குண்டூசி குத்தினால் பட்டில் ஓட்டை மறையாது, அதனால் தையலுக்கு விட்ட ஓரத்துக்குள் மட்டும் குத்துங்கள். ஜரிகைக் கரையைத் தையலுக்குள் மடிக்காமல் பையின் நடுவில் வருகிற மாதிரி அமைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். வெட்டுப்பட்ட ஜரிகை விரலில் குத்தும் என்பதால் லைனிங் கட்டாயம்.

பழைய பட்டுப்புடவை என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருடக்கணக்கில் மடித்த இடத்தில் இழை விட்டிருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்தாலே கிழிகிற துணியில் பை தைத்துப் பிரயோஜனமில்லை, அது அம்மா புடவையாகவே இருந்தாலும்.

ஜிப் அருகில் மேல்தையல் போடும்போது இழுவை வரும் இடத்தில் கோடு வளைகிறது. (பூச்சோங்)

இழுவைக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கியபடி இருக்க, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டைத் தூக்கி, இழுவையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தொடருங்கள். தையல் நீளம் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வையுங்கள்.

பாட்டியின் கறுப்பு சிங்கர் மெஷின்தான் இருக்கிறது. நேர்தையல் மட்டுமே வரும். ஓவர்லாக் இல்லாமல் தைக்கலாமா? (பத்து கேவ்ஸ்)

லைனிங் வைத்துத் தைக்கும் பையில் பிசிறெல்லாம் உள்ளே மறைந்துவிடும், ஓவர்லாக்குக்கு வேலையே இல்லை. ஜிப் ஃபுட் மட்டும் ஒன்று வாங்குங்கள். போகும்போது மெஷினில் இருக்கும் ஃபுட்டைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டுங்கள். நேர்தையலுக்கு அந்தப் பழைய மெஷின்களை மிஞ்ச முடியாது என்பது என் கட்சி.

ஐசியும் (அடையாள அட்டை) டச் அண்ட் கோ கார்டும் (டோல், ரயில் கட்டண அட்டை) வைக்க ஒரு சின்னப் பை. எவ்வளவு வெட்டுவது? (அம்பாங்)

இரண்டு கார்டும் ஒரே அளவு: 8.56 செ.மீ. அகலம், 5.4 உயரம். கார்டுக்குச் சரியாகப் பை தைத்தால் கார்டு உள்ளே போகாது. தொப்பித்துணி கொஞ்சம் இடம் எடுக்கும், திறந்த ஜிப்பின் இழுவை ஒரு முனையில் உட்காரும். தைத்து முடித்த அகலம் 4½ அங்குலம், உயரம் 3 அங்குலம் வருமாறு வெட்டுங்கள். பக்கத்துக்கு அரை அங்குலம் தையல் சேர்த்தால் துணியின் அகலம் 5½.

ஈரமான பொருள் வைக்கிற மாதிரி, தண்ணீர் புகாத லைனிங்குக்கு என்ன துணி? (சிலாங்கூர்)

கம்பி உடைந்த குடையைப் பிரியுங்கள். கே.எல். மழைக்கு எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். குடைத்துணி மெல்லியது, எளிதில் பிசிறாது, தண்ணீர் தங்காமல் வழியும். ஆனால் அயர்ன் பட்டால் உருகும், மடிப்பை நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள், குத்திய ஓட்டை அப்படியே நிற்கும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசியும். நனைந்த நீச்சல் உடையை வீடுவரை கொண்டுவரலாம், குழம்பு டப்பாவை நம்பி வைக்க முடியாது.

இரண்டு விரல் அகலத் துண்டுகளை என்ன செய்வது? தூக்கிப் போட மனம் வரவில்லை. (செந்தூல்)

பழைய வேட்டித் துணி ஒன்றை அடியில் வைத்து, அதன்மேல் ஒரு துண்டு, அடுத்த துண்டைத் தலைகீழாக வைத்து ஓரம் தைத்துத் திருப்புங்கள். இப்படியே பக்கத்தில் பக்கத்தில் போனால் ஒரு முழுத்துணி கிடைக்கும். கனமும் மெலிசும் கலக்காதீர்கள்: பாத்திக் காட்டனோடு காட்டன், பட்டோடு பட்டு. அடர் நிறப் பாத்திக் என்றால் முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் தனியாக அலசிக் காயவைத்த பிறகு சேருங்கள். ஒரு விரலுக்கும் குறைவான துண்டு ஊசிக்குத்தித் தலையணைக்குள் திணிக்கத்தான் ஆகும்.

புது ஜிப் முரடாக நகர்கிறது. (கெப்போங்)

மெழுகுவர்த்தியைப் பல்லின்மேல் இரண்டு முறை தேய்த்து, திறந்து மூடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், துணியில் இறங்கிவிடும்.