கன்னியாவில் முக்கடலா?

கேள்வி: என் மகள் எதற்கெடுத்தாலும் ஃபோனில் ஏஐயிடம்தான் கேட்கிறாள். போன கிழமை காய்ச்சல் வந்தபோதும் மேல் வலிக்கு என்ன குளிசை போடலாம் என்று அதனிடமே கேட்டு, இபுபுரூஃபன் என்று வந்ததும் பார்மசிக்குப் புறப்பட்டுவிட்டாள். நான் மறித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "அம்மாவுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்கிறாள். இதை நம்பலாமா, கூடாதா?
– வாசகி, உவர்மலை

பதில்: நல்ல காலம், மறித்தீர்கள். நம்ம திருகோணமலைப் பக்கம் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவா என்றுதான் பார்க்க வேண்டும். 2017இல் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டோம், அந்த வருஷம் நாடு முழுக்க 180,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுபுரூஃபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் எல்லாம் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். பரசிற்றமோல் மட்டும்தான், அதுவும் அளவோடு.

ஃபோன் பொய் சொன்னது என்றும் சொல்ல முடியாது, மேல் வலிக்கு அந்தக் குளிசையைப் போடுகிறவர்கள் உண்டுதானே. ஆனால் டொக்டரிடம் போனால் அவர் திருப்பிக் கேட்பார்: காய்ச்சல் எத்தனையாம் நாள், பக்கத்து வீட்டில் யாருக்கும் இருக்கா, வயிறு நோகுதா, பல் முரசில் இரத்தம் கசிந்ததா? மூன்றாம் நாள் என்றால் இரத்தம் சோதிக்க எழுதித் தருவார். மகள் கேட்ட ஒரு வரிக்கு ஃபோன் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

ஏஐ வேலை செய்கிற விதமே அப்படி. "ஆடிக் காற்றில்" என்று நான் தொடங்கினால் "அம்மியும் பறக்கும்" என்று நீங்கள் முடிப்பீர்கள் இல்லையா, அதைத்தான் அதுவும் செய்கிறது, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து வைத்துக்கொண்டு அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. பொருந்துகிற சொல் பெரும்பாலும் சரியான சொல்லாகவும் இருந்துவிடுகிறது. பிழைக்கும்போதும் அதே அழகான தமிழில், கொஞ்சமும் தடுமாறாமல் பிழைக்கும், அதுதான் தொல்லை. ஒருநாள் விளையாட்டாக, திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற நம்ம "கன்னியாவைப் பற்றிச் சொல்லு" என்று கேட்டேன். ஏழு வெந்நீர்க் கிணறு, இராவணன் தாய்க்குக் கடன் கழித்த கதை எல்லாம் ஒழுங்காக வந்தது, அப்புறம் திடீரென்று "இங்கே மூன்று கடல்கள் சந்திக்கின்றன" என்றது! கன்னியா என்றதும் குமரி வந்து ஒட்டிக்கொண்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பு. ஊர் தெரியாத ஒருவர் அதை நம்பி வந்தால் கன்னியாவில் நின்று கடலைத் தேடுவார்.

அதனிடமே "இது உண்மையா" என்று கேட்டுப் பிரயோசனம் இல்லை. 2023இல் நியூயோர்க்கில் ஒரு வழக்கறிஞர் சட்ஜிபிடி என்ற ஏஐ தந்த ஆறு தீர்ப்புகளை நீதிமன்றத்துக்குக் கொடுத்தார், ஆறுமே இல்லாத வழக்குகள். ஒன்றைக் காட்டி இது நிஜ வழக்கா என்று கேட்டும் பார்த்திருக்கிறார், ஆம் என்றுதான் பதில் வந்தது. தண்டம் 5,000 டொலர்.

நானும் தினமும் பாவிக்கிறவன்தான். நான் பார்ப்பது, அது பிழைவிட்டால் என் கண்ணுக்கே தெரியுமா, தெரியாமல் போனால் யார் தலையில் விடியும் என்பதைத்தான். கணக்குப் பாடத்தில் விளங்காத ஒரு படியை மகள் கேட்கட்டும், விடையைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். குளிசை அப்படி இல்லை.

கேள்வி: பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுத ஏஐயைப் பாவிக்கலாமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தாராளமாக. என்னைவிட மரியாதையாக எழுதும். அனுப்ப முன் ஒரு தடவை வாசியுங்கள், ஏனென்றால் அது படித்த தமிழில் பெரும்பங்கு தமிழ்நாட்டுத் தமிழ். பிரதேச செயலாளரை "வட்டாட்சியர்" ஆக்கிவிடும், அடையாள அட்டை கேட்ட இடத்தில் "ஆதார்" என்று போட்டுவிடும். அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம் எதையும் அதற்குள் தட்டாதீர்கள், அந்த இடங்களை வெறுமையாக விட்டு அச்சடித்த பிறகு பேனையால் நிரப்பினால் போதும்.

கேள்வி: கட்டாரில் இருக்கும் மருமகனின் குரலில் ஒருவர் அழுதுகொண்டே காசு கேட்டார். குரல் அச்சு அசல். நான் அனுப்பவில்லை, இப்போது மனம் கிடந்து அடிக்கிறது.
– வாசகர், நிலாவெளி

பதில்: குரலைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து கிடைத்தாலே இப்போது ஏஐயை வைத்து அதைப் போலவே பேசவைத்துவிடலாம், ஆகவே குரல் இனி அத்தாட்சி இல்லை. வந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுக்க வேண்டாம். உங்கள் ஃபோனில் முன்னமே இருக்கிற மருமகனின் இலக்கத்துக்கு எடுங்கள், இன்றைக்கே எடுங்கள். கட்டாரில் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், விடியக்காலையில் எழுப்பி ஏச்சு வாங்காதீர்கள்.