கேள்வி பதில்: ஒட்டாத வாயு கல்லுக்குள்ள எங்க இருக்கு?

கேள்வி: மந்த வாயு எதோடயும் சேராதுன்னு ஸ்கூல்ல படிச்சோம். அப்புறம் எப்படி விண்கல்லுக்குள்ள செனான், நியான் எல்லாம் இருக்குங்கறாங்க? எந்த இடத்துல இருக்கு?
- வாசகி, கரூர்

பதில்: நல்லா மடக்கிட்டீங்க! கல்லு முழுக்க பரவலா இருக்கும்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், ஆனா விஷயம் வேற. 1969 பிப்ரவரி 8 நடுராத்திரி மெக்சிகோவுல அயெந்தேங்கற ஊர் பக்கம் ஒரு கல்லு மழை மாதிரி கொட்டுச்சு, மொத்தமா பொறுக்குனதே ரெண்டு டன்னுக்கு மேல. சூரியக் குடும்பம் உருவான காலத்துல இருந்து பெருசா மாறாத கல்லு. சிகாகோவுல லூயிஸ், ஸ்ரீனிவாசன், ஆண்டர்ஸ்னு மூணு பேர் அதை ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்லயும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்லயும் போட்டு கரைச்சாங்க. கல்லு கரைஞ்சே போச்சு, அடியில தங்குனது அரை சதவீதம் கறுப்புப் பொடி. பாத்தா அந்த கல்லோட செனான்ல பெரும்பாலும் அந்த பொடியிலயே உக்காந்திருக்கு!

அதோட விடல, பொடியை நைட்ரிக் ஆசிட்ல கழுவுனாங்க. எடை லேசாத்தான் கொறஞ்சுது, ஆனா செனான் மாதிரி கனமான மந்த வாயுவெல்லாம் அனேகமா காலி. அப்போ கார்பன் பொடியோட மேல்தோல் மாதிரி ஏதோ ஒண்ணுலதான் அது இருந்திருக்கணும், அதுக்கு க்யூன்னு பேர் வெச்சாங்க (1975). இவ்ளோ வருஷம் ஆச்சு, அதை தனியா பிரிச்சு கையில எடுத்தவங்க யாரும் இல்ல, இருக்கும்போது தெரியாது, போனப்புறம்தான் தெரியும்.

கழுவியும் போகாம கொஞ்சம் செனான் மிச்சம் இருந்துச்சு, அதோட ஐசோடோப்பு கணக்கு (ஒரே தனிமத்துல எடை வேற வேறயா இருக்கற அணுக்களோட விகிதம்) சூரியனோட ஒத்தே போகல. 1987ல பிடிபட்டுச்சு, அது இருந்தது வைரத்துக்குள்ள. மோதிரத்துல வைக்கறதெல்லாம் இல்லீங்க, ஒரு வைரத்துக்கு ஆயிரத்து சொச்சம் அணுதான், அதுலயும் சுமார் பத்து லட்சம் வைரத்துக்கு ஒரு செனான் அணு. சூரியனுக்கு முன்னாடியே வேற நட்சத்திரங்கள்ல இருந்து வந்த சரக்கு அதுல கலந்திருக்கு. சிலிக்கான் கார்பைடு துகள், கிராஃபைட் துகள்லயும் இதே மாதிரி இருக்கு.

எப்படி உள்ள போச்சுன்னு கேட்டீங்கல்ல, கிராஃபைட் கதைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. அதுல இருக்கறது கிட்டத்தட்ட சுத்தமான நியான்-22, அதாவது நியானோட ஒரு ஐசோடோப்பு. அது வாயுவா உள்ள நுழையவே இல்ல, நட்சத்திரம் வெடிச்சப்போ சோடியம்-22 ஆ உள்ள போயிருக்கு, சோடியம்தான் மத்ததோட சேருமே. சோடியம்-22ஓட அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகற நேரம், 2.6 வருஷம், அதனால வெடிச்ச கொஞ்ச வருஷத்துக்குள்ளயே துகள் உருவாகியிருக்கணும், அப்புறம் சோடியம் உள்ளயே சிதைஞ்சு நியானாயிடுச்சு, வெளிய வர வழியில்லாம அங்கயே மாட்டிக்கிச்சு.