என்னத்தைக் கிழிக்கிறது?

கேள்வி: காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற வடிவத்துக் கார்தான் பெற்றோல் மிச்சம் என்கிறார்கள். எங்கட சனமோ பெட்டி மாதிரி இருக்கிற வேகன் ஆரை விரும்பி வாங்குகிறது. இது ரசனையா, அறியாமையா?
— ஒரு வாசகர், கோண்டாவில்

பதில்: தமிழில் கிழிப்பதற்கு நல்ல பேர் இல்லை. "பெரிசா என்னத்தைக் கிழிச்சனீ?" என்று தகப்பன் கேட்டால் சோதனை முடிவு வந்துவிட்டது என்று அர்த்தம். கலண்டர் தாளைக் கிழிக்கலாம், பனையோலையைக் கிழிக்கலாம். காற்றைக் கிழித்தால் திரும்பத் தைக்கவும் வேண்டும். காரின் கரைச்சலே அந்தத் தையல்தான். முன்னால் விலகிய காற்று பின்னால் வந்து சத்தமில்லாமல் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் டிக்கிக்குப் பின்னால் சுழி விழுந்து அங்கே அமுக்கம் குறையும். காரைப் பின்னுக்கு இழுப்பது அதுதான். ("அழுத்தம்" என்று எழுதச் சொல்லும் அன்பருக்கு: ரயருக்குள் இருப்பது அமுக்கம். உங்களுக்கு ஏறுவது பிரஷர்.)

ஆகவே மூக்கு கூராக இருப்பதில் பெரிய விசேஷம் இல்லை, விசயம் வாலில். உருண்டை முகமும் நீண்டு ஒடுங்கும் வாலும்தான் காற்றுக்குப் பிடித்த வடிவம். அமெரிக்கக் கார்க் கம்பனியான கிறைஸ்லரின் என்ஜினியர்கள் அந்தக் காலத்துக் கார்களைக் காற்றுச் சுரங்கத்தில் (காற்றை ஊதவிட்டு வடிவத்தைச் சோதிக்கிற கூடம்) வைத்துப் பார்த்தபோது, பின்பக்கமாக ஓடினால் காற்றுத்தடை குறைவு என்று கண்டார்கள். ரிவர்ஸில் கொழும்புக்குப் போனால் மிச்சம்! அந்தப் பாடத்தை வைத்து 1934இல் எயார்ஃப்ளோ என்றொரு கார் விட்டார்கள். சனம் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அடுத்த வருடம் முகத்தை மாற்றியும் எடுபடவில்லை. 1937உடன் கடை கட்டினார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் போய் நின்றது. இதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? காற்றுச் சுரங்கம் இல்லாமலே பின்பக்கத்தை ஒடுக்கத் தெரிந்த, கப்பல் கட்டுகிற ஓடாவிமார் எங்களிடம் இருந்தார்கள் என்பதுதான். அன்னபூரணி இந்தப் பக்கத்தில் அடிக்கடி வருகிறாள் என்று முறைப்பாடு உண்டு. இனியும் வருவாள்.

வாலை ஒடுக்கினால் பின்சீற்றில் தலை இடிக்கும், சாமான் வைக்க இடம் போகும். 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை ரொயோட்டா பிரியஸின் காற்றுத்தடைக் குணகம் 0.26 (இது குறையக் குறைய நல்லது). அதற்குக் கொடுத்த விலை, பின் கண்ணாடியின் நடுவே குறுக்காக ஓடும் சட்டம். ரிவர்ஸ் எடுக்கிறவருக்குத் தெரியும் அருமை.

இனிக் கணக்கு. 1300 கிலோ நிறை, குணகம் 0.30, முன்முகப் பரப்பு 2.2 சதுர மீற்றர் உள்ள கார் ஒன்றை எடுங்கள். மணிக்கு 50 கிலோமீற்றரில் காற்றைத் தள்ள ஏறத்தாழ 1 கிலோவாற்று, ரயர் உருள 2. இரண்டும் சமமாவது 70 அளவில். 100இல் காற்றுக்கு மட்டும் 8. வேகம் இரட்டித்தால் அதற்கு வேண்டிய வலு எட்டு மடங்கு. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் விடுவதே 70தான். காங்கேசன்துறை வீதியில் சைக்கிளுக்கும் மாட்டுக்கும் வழிவிட்டுப் போகிறவருக்கு 50 கிடைத்தாலே புண்ணியம். அங்கே முழங்கால் நோகிற ஆச்சி குனியாமல் ஏறி நிமிர்ந்து இருக்கிற பெட்டிதான் சரி. அறியாமை இல்லை.

ஏ9இல் கதை மாறும். சோளகம் அடிக்கிற மாதத்தில் ஆனையிறவு தாண்டும்போது நீங்கள் 70, எதிர்க்காற்று 30 என்றால் காருக்கு அது 100. இழுவை இரட்டிக்கும், பெட்டிக்காரர் பெற்றோல் முள்ளில் பார்ப்பார்.

எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். வெறும் கரியரைக் கூரையில் வருடக்கணக்காகச் சுமப்பார்கள். அலங்காரத்துக்கு ஸ்பொயிலர் ஒட்டுவார்கள். ஆனால் எஞ்சினுக்குக் கீழே காற்று வழுக்கிப் போகவென்று ஜப்பான்காரன் போட்ட பிளாஸ்ரிக் கவர், ஒயில் மாற்றக் கழற்றிய நாளோடு போய்விடும். பிறகு சேறு பெல்ற்றில் அடிக்கும். கழற்றும்போது உடைவது சின்னக் கிளிப்புகள்தான். புதிதாக வாங்கிக் கொடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். ரயர்க் காற்றை ஓடமுன், ஆறியிருக்கும்போது, சாரதிக் கதவடியில் ஒட்டியிருக்கும் அளவுக்கு அடியுங்கள். கவரைக் காணவில்லை என்றால் கராஜுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அனேகமாக அதில் கோழி அடை கிடக்கும்.