பாக் எழுதாமல் விட்ட வலக்கை

கேள்வி: பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாகின், ஈ மைனர் சுருதியில் அமைந்த புல்லாங்குழல் சொனாட்டாவின் (பல பகுதிகள் கொண்ட வாத்தியப் படைப்பு) இரண்டு ஒலிப்பதிவுகளைக் கேட்டேன். குழல் இரண்டிலும் ஒரே மாதிரிதான். ஹார்ப்சிகார்ட் (கட்டையை அழுத்தினால் தந்தி மீட்டப்படும், பியானோவுக்கு முந்தைய வாத்தியம்) மட்டும் ஒன்றில் அடங்கி ஒலிக்கிறது, மற்றொன்றில் குழலோடு போட்டிக்கு நிற்பதுபோல் ஓடுகிறது. பாக் எழுதியதை மாற்றியவர் யார்? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: இருவருமே மாற்றவில்லை, மாற்றுவதற்கு அங்கே ஹார்ப்சிகார்டின் வலக்கைக்கு எழுத்தே இல்லை. பாக் படைப்புகளின் பட்டியலில் பி.டபிள்யூ.வி. 1034 என்ற எண் பெற்ற அந்தச் சொனாட்டாவில் உள்ளவை இரண்டே வரிகள்: மேலே குழலுக்கு ஒன்று, கீழே பாஸுக்கு, அதாவது அடித்தள ஸ்வரங்களுக்கு, ஒன்று. பாஸ் வரியை ஒட்டி 6, 7 என்று எண்கள் காணப்படும். 6 என்றால், அந்த பாஸ் ஸ்வரத்திலிருந்து எண்ணி மூன்றாவது ஸ்வரமும் ஆறாவது ஸ்வரமும் அதனோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்று பொருள். அவற்றை எந்த ஸ்தாயியில் வைப்பது, ஒருசேர அழுத்துவதா, ஒவ்வொன்றாகச் சிதறவிடுவதா, இடையில் ஒரு சிறு மெட்டைக் கோப்பதா என்பதெல்லாம் வாசிப்பவரின் பொறுப்பு. இடக்கை பாஸை வாசிக்க, பெரும்பாலும் ஒரு செல்லோவும் (வயலின் குடும்பத்தின் கனத்த குரல் வாத்தியம்) அதே வரியைத் தொடர, வலக்கை தன் பங்கை அந்தந்த நேரத்தில் உண்டாக்கிக்கொள்ளும். இந்தக் கூட்டுத் துணைவாசிப்பைத்தான் கன்டினுவோ என்கிறார்கள். நம் வாசகர்கள் இதைத் தம்பூராவோடு ஒப்பிடுவதுண்டு, அது பொருந்தாது. சொற்கட்டு எதையும் எழுதித் தராமலே மேடையில் உட்கார வைக்கப்படும் மிருதங்க வித்துவானின் உரிமை இதற்குச் சற்று நெருங்கி வரும். கடைகளில் கிடைக்கும் பிரதிகளில் வலக்கைக்கு முழுவதுமாக ஸ்வரங்கள் அச்சிடப்பட்டிருந்தால், அவை பிற்காலப் பதிப்பாசிரியரின் கைவண்ணம் என்று கொள்ளுங்கள்.

பாக் தாமே எப்படி வாசித்தார் என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். சான்றுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1738இல், அவரை அறிந்த லோரென்ஸ் மிட்ஸ்லர், பாக் துணைவாசிக்கும்போது வலக்கையில் எழும் மெட்டு முன்கூட்டியே எழுதி வைத்ததுபோல் இருக்கும் என்றும், தனி வாத்தியத்திற்கான படைப்பே கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) போலத் தோன்றும் என்றும் வியந்து எழுதினார். மறுபக்கம், இத்தாலிய இசையமைப்பாளர் ஆல்பினோனியின் வயலின் சொனாட்டா ஒன்றிற்கு பாகின் மாணவர் கெர்பர் எழுதி, பாக் திருத்திய துணைவாசிப்பு இன்றும் இருக்கிறது; அது ஆடம்பரம் ஏதுமின்றி நான்கு குரல்களில் (ஒருசேர ஒலிக்கும் நான்கு ஸ்வர வரிசைகளில்) ஒழுங்காக நடக்கிறது. மாணவனுக்கு இலக்கணமும் ஆசானுக்குக் கற்பனையும் என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே நீங்கள் கேட்ட இரண்டு கலைஞர்களுக்கும் பாகிடமே ஆதாரம் உண்டு.

எனக்குப் பிடித்த சோதனைக் களம் அந்தச் சொனாட்டாவின் மூன்றாம் பகுதியான ஆண்டான்டே (நிதான நடையில் செல்லும் பகுதி). குழல் உடனே நுழைவதில்லை. பாஸ் மட்டும் சில தாள அடிகள் முன்னால் நடந்து வழி காட்டுகிறது. அந்த அடிகளில் வலக்கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அழகான மெட்டு ஒன்றை அங்கேயே கட்டிவிடுகிறவர், பின்னால் வரும் குழலின் முதல் ஸ்வரத்தைப் பழையதாக்கிவிடுகிறார். இரண்டு மூன்று ஸ்வரங்களை மெல்ல வைத்துவிட்டுக் காத்திருப்பவரே எனக்குக் கற்பனை மிக்கவராகத் தெரிகிறார்.

கேள்வி: இப்படி அவ்வப்போது உண்டாக்கும் வாசிப்பை ஒலிப்பதிவு செய்வதில் தனிச் சிக்கல் உண்டா? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உண்டு, முதல் சிக்கல் வெட்டி ஒட்டுவதில்தான். குழல் வாசிப்பவருக்கு நடுவில் மூச்சு தவறினால், ஒலிப்பதிவாளர் வேறொரு டேக்கிலிருந்து (அதே பகுதியின் மறுபதிவிலிருந்து) இரண்டு அடிகளை எடுத்துப் பொருத்துவார். முதல் டேக்கில் மேல்நோக்கி ஓடிய வலக்கை மற்றதில் கீழ்நோக்கி ஓடியிருந்தால், குழல் பொருந்தினாலும் ஹார்ப்சிகார்ட் பொருந்தாது; கட்டையை விட்ட பிறகும் அறையில் நிற்கும் முழக்கமும் வெட்டைக் காட்டிக்கொடுக்கும். எனவே ஒன்று, பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் பதிய வேண்டும். அல்லது ஒட்டு விழக்கூடிய இடங்களில் மட்டும் வலக்கை ஒரே வடிவத்தைக் கடைப்பிடிக்க வேண்டும். அதோடு, மேடையில் ஒருமுறை கேட்டுச் சிரித்து ரசித்த குறும்பு, பதிவில் பத்தாவது முறை கேட்கும்போது சலிப்பூட்டும்.

இரண்டாவது சிக்கல் சுருதி. ஈ மைனரில் அடிக்கடி வரும் டி ஷார்ப்பும், வேறு சுருதிகளில் வரும் ஈ ஃபிளாட்டும் ஹார்ப்சிகார்டில் ஒரே கட்டை. அக்காலக் குழல்காரர்களோ டி ஷார்ப்பைச் சற்றுத் தாழ்த்தி வாசித்தார்கள். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் குழலாசிரியர் குவான்ட்ஸ், இரண்டு ஸ்வரங்களுக்கும் தனித்தனிச் சாவி (துளையைத் திறந்து மூடும் நெம்பி) வைத்தே குழல் செய்தார். அந்த ஸ்வரத்தைக் குழல் நீட்டிப் பிடிக்கும்போது, வலக்கை அதே ஸ்வரத்தை மேலே வைத்தால், மைக்கின் அருகாமையில் உரசல் அப்பட்டமாகக் கேட்கும். அதை மற்ற ஸ்வரங்களின் நடுவில் மறைப்பதோ அடியோடு விட்டுவிடுவதோதான் வழி. குவான்ட்ஸின் 1752ஆம் ஆண்டு நூலும் இத்தகைய இடங்களில் துணைவாசிப்பவரை எச்சரிக்கிறது. விடுவதற்கும் காது வேண்டும்.

கேள்வி: பாகின் பி மைனர் குழல் சொனாட்டாவிலும் இந்தச் சுதந்திரம் உண்டா?

பதில்: இல்லை. பி.டபிள்யூ.வி. 1030இல் வலக்கையைப் பெரும்பாலும் பாகே எழுதிவிட்டார்; அங்கே ஹார்ப்சிகார்ட் துணை அன்று, குழலுக்கு இணை. வேடிக்கையான விதிவிலக்கு ஏ மேஜர் சொனாட்டா, 1032. இரண்டு ஹார்ப்சிகார்டுகளுக்கான கான்செர்ட்டோ ஒன்றின் கையெழுத்துப் பிரதியில், பக்கங்களின் அடியில் மிஞ்சிய வரிகளில் பாக் அதை எழுதினார். பின்னர் யாரோ அந்த அடிப்பகுதிகள் சிலவற்றைக் கத்தரித்துவிட, முதல் பகுதியில் ஏறக்குறைய 46 அடிகள் தொலைந்தன. அவற்றை நிரப்புவதற்குக் கன்டினுவோ கலைஞரின் கற்பனை போதாது; குழலுக்கும் சேர்த்து ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: கேட்கத் தொடங்க இரண்டு பதிவுகள் சொல்லுங்கள்.

பதில்: பார்டோல்ட் கைக்கன் மரக்குழலில் வாசிக்க, குஸ்டாவ் லியோன்ஹார்ட் ஹார்ப்சிகார்டில் துணைவரும் பதிவு ஒன்று. இன்றைய உலோகக் குழலில் எம்மானுவல் பாஹு, ஹார்ப்சிகார்டில் டிரெவர் பின்னாக், செல்லோவில் ஜோனதன் மேன்சன் சேர்ந்து 2008இல் வெளியிட்டது மற்றொன்று. இரண்டிலும் ஈ மைனர் ஆண்டான்டேயை முதலில் போடுங்கள். குழல் நுழையும்வரை வலக்கையை மட்டும் கேளுங்கள்.