அமைச்சர் வாயால் சொன்னால் போதுமா?

வெளியுறவு அமைச்சர் பதவி பற்றி வந்த கேள்விகளில் சில, பதில்களுடன்.

டெல்லிச் செய்தியில் 'வெளியுறவுச் செயலர்' என்றால் அதிகாரி. லண்டன் செய்தியில் அதே பெயர் வந்தால் அமைச்சர் என்கிறார்கள். எது சரி? (தென்காசி வாசகர்)

இரண்டுமே சரி. டெல்லியில் அவர் ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) அதிகாரி, அமைச்சருக்குக் கீழே அமைச்சகத்தை நடத்துபவர். லண்டனில் அந்தப் பெயர் கேபினட் அமைச்சருக்கு உரியது. 1782-ல் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் முதலில் அந்தப் பதவியில் அமர்ந்தார். வாஷிங்டன் கதை வேறு. 1789-ல் 'வெளியுறவுத் துறை' என்று தொடங்கிய அலுவலகத்தின் தலையில், அதே ஆண்டிலேயே அரசு முத்திரையைக் காப்பது, சட்டங்களைப் பதிந்து வைப்பது போன்ற உள்நாட்டு வேலைகளையும் கட்டினார்கள். பெயர் 'ஸ்டேட்' துறை ஆனது. அதனால்தான் அங்கே வெளியுறவு அமைச்சரின் பெயர் 'செகரட்டரி ஆஃப் ஸ்டேட்'.

இந்தியாவில் இரண்டு நாற்காலிகளிலும் அமர்ந்தவர் ஜெய்சங்கர்: 2015 முதல் 2018 வரை செயலர், 2019 முதல் அமைச்சர். முன்னாள் வெளியுறவு அமைச்சர் நட்வர் சிங்கும் ஐ.எஃப்.எஸ். அதிகாரியாக இருந்தவர்தான், ஆனால் வெளியுறவுச் செயலராக இருந்ததில்லை.

பேச்சுவார்த்தையில் அமைச்சர் வாய்வார்த்தையாக ஒன்றை ஒப்புக்கொண்டால் அது நாட்டைக் கட்டுப்படுத்துமா? 'அப்படிச் சொல்லவில்லை' என்று பிறகு மறுத்துவிட முடியாதா? (மதுரை வாசகர்)

கட்டுப்படுத்தும். இதற்குச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. 1919 ஜூலையில் டென்மார்க்கின் தூதர் நார்வே வெளியுறவு அமைச்சர் ஈலனைப் பார்த்து, 'நீங்கள் உரிமை கோரும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுகள் விஷயத்தில் நாங்கள் உங்களுக்குக் குறுக்கே நிற்க மாட்டோம். கிரீன்லாந்து முழுவதும் எங்களுடையது என்பதற்கு நீங்களும் குறுக்கே நிற்காதீர்கள்' என்ற பொருளில் பேசினார். ஈலன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, ஜூலை 22 அன்று, தங்கள் அரசு அதில் சிக்கல் எழுப்பாது என்று வாயால் பதில் சொன்னார். ஒப்பந்தமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. 1931-ல் நார்வே கிழக்கு கிரீன்லாந்தில் ஒரு பகுதியைத் தனதென்று அறிவித்தது. டென்மார்க் ஹேக் நகரில் அன்றிருந்த நிரந்தர சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1933 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு டென்மார்க்குக்குச் சாதகமாக வந்தது. தன் துறைக்குள் வரும் விஷயத்தில் வேற்று நாட்டுத் தூதருக்கு வெளியுறவு அமைச்சர் தரும் பதில் அவர் நாட்டைக் கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம். ஈலன் தன் பதிலைத் தானே குறிப்பெழுதி வைத்திருந்தார். அதனால் 'சொல்லவே இல்லை' என்று வாதாட நார்வேக்கு வழி இருக்கவில்லை.

1969-ன் வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கை, 7-வது பிரிவு, இதையே வேறு வகையில் சொல்கிறது. ஒப்பந்தம் செய்ய வரும் எவரும் 'முழு அதிகாரப் பத்திரம்' காட்ட வேண்டும். அது இல்லாமலே கையெழுத்திடும் தகுதி நாட்டின் தலைவர் (நம்மிடம் குடியரசுத் தலைவர்), அரசின் தலைவர் (பிரதமர்), வெளியுறவு அமைச்சர் ஆகிய மூவருக்குத்தான் உண்டு. இந்தியா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்றாலும் நடைமுறை இதுதான். நிதி அமைச்சருக்குக்கூட இந்தச் சலுகை கிடையாது.

அமைச்சர்கள் காகிதத்தைப் பார்த்துப் பேசுவதற்குக் காரணம் புரிந்திருக்கும். அந்தந்த நாட்டைக் கவனிக்கும் பிரிவின் இணைச் செயலர் குறிப்புத் தயாரிப்பார். நாமாக எழுப்ப வேண்டியவை ஒரு பக்கம். எதிர்த்தரப்பு கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை இன்னொரு பக்கம். இரண்டாவது பக்கத்தை அமைச்சர் தவறிப்போய் முதலில் படித்துவிட்டால், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி நம் நிலையைக் காட்டிக்கொடுத்த கதையாகிவிடும். இரு தரப்பிலும் ஓர் அதிகாரி வரிக்கு வரி எழுதிக்கொண்டே இருப்பார். கூட்டறிக்கையும் அறைக்குள் பிறப்பதில்லை. பல நாள் முன்பே வரைவு போய்வந்து, ஒத்துவராத சொற்கள் சதுர அடைப்புக்குறிக்குள் நிற்கும். கடைசி இரவு அதிகாரிகள் சண்டை போடுவது அந்த அடைப்புக்குறிகளை எடுக்கத்தான். கூட்டறிக்கை வரும் என்று சொல்லிவிட்டு ஆளுக்கொரு அறிக்கை வெளியிட்டால், ஏதோ ஒரு சொல்லில் முட்டிக்கொண்டார்கள் என்று வாசியுங்கள்.

காகிதமும் காலை வாரும். 2011 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் நம் அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா, மேசையில் கிடந்த போர்ச்சுகல் அமைச்சரின் உரையைச் சில நிமிடங்கள் படித்துவிட்டார். பக்கத்திலிருந்த நம் தூதர் நிறுத்தினார்.

வெளிநாட்டில் வைத்து வெளியுறவு அமைச்சரைக் கைது செய்ய முடியுமா? (வேலூர் வாசகி)

பதவியில் இருக்கும்வரை வேறொரு நாட்டின் நீதிமன்றம் கை வைக்க முடியாது. காங்கோ வெளியுறவு அமைச்சருக்கு எதிராக பெல்ஜியம் பிறப்பித்த வாரண்ட் செல்லாது என்று 2002 பிப்ரவரி 14 அன்று சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் போன்றவற்றின் கதை வேறு.

பல நாடுகளில் 'ஃபாரின்'. நம்மிடம் மட்டும் ஏன் 'எக்ஸ்டர்னல் அஃபேர்ஸ்'? (தஞ்சாவூர் வாசகர்)

நம்மிடம் மட்டுமல்ல, கனடா, ஆஸ்திரேலியாவிலும் அதே பெயர்தான் வெகுகாலம் இருந்தது. பிரிட்டிஷ் குடைக்குள் இருந்த நாடுகள் ஒன்றுக்கொன்று 'அந்நியம்' இல்லை என்ற கணக்கு. அதன் மிச்சம் இன்றும் இருக்கிறது: காமன்வெல்த் நாட்டுக்குப் போகிறவர் ஹைகமிஷனர், மற்ற நாட்டுக்குப் போகிறவர் அம்பாசடர்.

நம் வெளியுறவு அலுவலகத்தின் வேர் 1783. கல்கத்தாவின் வில்லியம் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி தனித் துறை வைத்தது அப்போதுதான். பின்னாளில் சமஸ்தானங்களையும் அதே துறை கவனித்தது; 1937-ல் அந்த வேலையைப் பிரித்தார்கள். ஐ.எஃப்.எஸ். உருவானது 1946 அக்டோபர் 9-ல். நேரு 1946 செப்டம்பரிலிருந்து 1964-ல் இறக்கும்வரை இந்தத் துறையை யாரிடமும் கொடுக்கவில்லை.

தமிழர்கள் இந்தப் பதவியில் இருந்திருக்கிறார்களா? (கோயம்புத்தூர் வாசகி)

சிங்கப்பூரைப் பாருங்கள். 1965-லிருந்து அங்கே வெளியுறவு அமைச்சராக இருந்த ஏழு பேரில் ஐந்து பேர் தமிழ் வழியினர்: ராஜரத்தினம், தனபாலன், ஜெயக்குமார், சண்முகம், தந்தை வழியில் விவியன் பாலகிருஷ்ணன். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த ராஜரத்தினம் 1967 ஆகஸ்ட் 8 அன்று ஆசியானை உருவாக்கிய பாங்காக் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஐவரில் ஒருவர். இலங்கையில் லக்ஷ்மன் கதிர்காமர். 2005 ஆகஸ்ட் 12 அன்று பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்டார். 1977 வரை அங்கே பிரதமரே இந்தத் துறையையும் வைத்திருந்தார். ஜெய்சங்கரின் தந்தை கே. சுப்பிரமணியம் திருச்சிக்காரர்.

மீனவர் பிடிபட்டால் முதல்வர் டெல்லிக்குக் கடிதம் எழுதுகிறார். கொழும்புக்கே எழுதினால் என்ன? (ராமேசுவரம் வாசகர்)

எழுதினாலும் பயனில்லை. அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையில் வெளியுறவு மத்தியப் பட்டியலின் 10-வது இனம். கொழும்பும் டெல்லி மூலம் வந்தால்தான் பதில் தரும்.

கடிதத்தைவிட அதற்குப் பின் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. இலங்கைக் கடற்படை பிடித்தவர்களைக் கடற்றொழில் திணைக்களத்திடம் (மீன்வளத் துறை) ஒப்படைக்கும், அவர்கள் நீதவான் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்துவார்கள், பிறகு விளக்கமறியல், அதாவது நீதிமன்றக் காவல். 1963-ன் தூதரக உறவு உடன்படிக்கை, 36-வது பிரிவுப்படி நம் அதிகாரிகள் சிறையில் போய்ப் பார்க்கலாம். வடக்கில் இதை யாழ்ப்பாணத் துணைத் தூதரகம் செய்கிறது. மீனவர்களிடம் பாஸ்போர்ட் இருக்காது என்பதால், விடுதலையானாலும் ஊர் திரும்ப அவசரப் பயணச் சான்று வேண்டும். ஆதார் நகலை வீட்டார் உடனே அனுப்பிவிட்டால் இதில் நாள் மிச்சமாகும்.

ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வந்தவர் மறுபடி பிடிபட்டால் பழைய தண்டனையும் சேர்ந்துகொள்ளும். பலருக்கு இது தெரிவதில்லை. ஆளுக்கும் படகுக்கும் வழக்கு வேறு வேறு. உரிமையாளர் பதிவுப் பத்திரங்களோடு நீதிமன்றத்தில் முன்னிலையாகாவிட்டால் படகு அரசுடைமை. யாழ்ப்பாணத்து மயிலிட்டித் துறைமுகத்தில் இற்றுப்போய்க் கிடந்தவற்றில் பல அப்படிப் போன படகுகள்தான்.

வளைகுடாவில் சிக்கியவருக்கு உதவி கேட்டு அமைச்சருக்கு ட்வீட் போட்டால் போதுமா? (பெரம்பலூர் வாசகி)

சுஷ்மா ஸ்வராஜ் காலத்தில் அது பிரபலமானது. ஆனால் கோப்பு நகர்வதற்கு 2015-ல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் புகார் எண் வாங்குங்கள். பாஸ்போர்ட் எண், வேலைக்கு எடுத்தவரின் பெயரும் தொலைபேசியும், கடைசியாகத் தங்கிய ஊர் ஆகிய மூன்றும் இல்லாத புகார்தான் திரும்பத் திரும்பக் கேள்வியோடு வந்து நிற்கும்.

போவதற்கு முன்பே ஒன்று. பத்தாம் வகுப்புத் தேறாமல் ஈ.சி.ஆர். (வேலைக்காக வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்ற வகை) பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர் பிரவாசி பாரதீய பீமா காப்பீடு எடுத்தாக வேண்டும்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், காப்பீட்டுத் தொகை 10 லட்சம். ஏஜெண்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்குமேல் கேட்கிறவரிடம் ரசீது கேளுங்கள்; தரமாட்டார்.