மாத்திரைக்கு முன் என்ன பார்த்தார்கள்?

கேள்வி: என் தம்பிக்கு 32 வயது. அறிவுசார் குறைபாடு உள்ளவன், பேச்சு வராது. பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறான். கொஞ்ச நாளாகத் தலையில் அடித்துக்கொள்கிறான், பக்கத்தில் போனால் தள்ளிவிடுகிறான். ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். "எங்கள் சிகிச்சை நெறிமுறைப்படிதான்" என்கிறார்கள். நான் என்ன கேட்கலாம், சிஸ்டர்? – ஒரு வாசகி

பதில்: அந்த நெறிமுறையை எழுத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். நானாக இருந்தால் அதில் ஒரு வரியைத்தான் முதலில் தேடுவேன்: நடத்தை திடீரென்று மாறினால், மாத்திரைக்கு முன் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் என்ற வரி. பல், காது, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நெஞ்செரிச்சல் எல்லாம் பார்த்தார்களா?

நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில், ஒரு பெண் தன் வலது கன்னத்தில் ஓங்கி ஓங்கி அறைந்துகொள்வார். பதிவேட்டில் தினமும் "கோபம்" என்று எழுதியிருக்கும், நேரம் இருக்காது. நேரத்தையும் குறிக்கத் தொடங்கியதும் தெரிந்தது: ஒவ்வொரு முறையும் சாப்பிட்டு முடித்த கையோடு. பல் மருத்துவர் பார்த்தபோது கடைவாய்ப் பல் சீழ் பிடித்திருந்தது. பல்லை எடுத்தார்கள், அறைவது நின்றது. அத்தனை நாளும் அவருக்குத் தூக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாட்டுடன் ஆக்ரோஷமும் இருந்த 86 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2008-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. சிலருக்கு ரிஸ்பெரிடோன், சிலருக்கு அதே வகை மருந்தான ஹாலோபெரிடால், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மூன்று பிரிவிலும் ஆக்ரோஷம் குறைந்தது. வெற்று மாத்திரையைவிட மருந்துகள் மேலாக வேலை செய்யவில்லை. அதற்காக மருந்தே கூடாது என்பதில்லை. கூடவே மனநோயும் இருந்தால் அது அவசியமாகலாம். எதற்காகக் கொடுக்கிறார்கள், எந்தத் தேதியில் மறுபரிசீலனை, இந்த மருந்தால் ஏறக்கூடிய எடையையும் சர்க்கரையையும் யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதென்றால் மருத்துவர் சொல்படி, படிப்படியாகத்தான்.

"தேவைப்பட்டால் கொடுக்கவும்" என்று ஏதாவது மருந்து எழுதியிருக்கிறதா? எந்த அறிகுறிக்கு, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை மணி நேர இடைவெளி என்று மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் யாருக்குப் பொறுமை போகிறதோ அவர்தான் டோஸை முடிவு செய்வார். அப்புறம், ஆளைப் பிடித்து அடக்குவது பற்றியும் கேளுங்கள். குப்புறப் படுக்க வைத்து அழுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். அதை நெறிமுறை வெளிப்படையாகத் தடுத்திருக்க வேண்டும்.

பேச்சு வராவிட்டாலும் அவனுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. படம் காட்டி, அவனிடமே கேட்டார்களா என்றும் விசாரியுங்கள்.

வயிறு உப்பி, மலம் போகாமல், வாந்தியும் எடுத்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அது குடல் அடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.